புது ஊரில் முதல் மூன்று மாதம்: வாசகர் கேள்வி – பதில்

தனியாக வேறு ஊருக்குக் குடிபோகிறவர்களின் கேள்விகள் இந்த முறை. வீடு, பணம், மின்சாரம், தூக்கம், நட்பு என்று எல்லாம் கலந்து வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: விவாகரத்து முடிந்துவிட்டது. வயது 38. இரண்டு மாதத்தில் யாரையும் தெரியாத ஊருக்கு வேலைக்குப் போகிறேன். செய்ய வேண்டியதை எழுதினால் நான்கு பக்கம் வருகிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: நான்கு பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒன்றை மட்டும் எழுதிப் பாருங்கள்: இது சரிப்படாமல் போனால் மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் இப்போதே செய்யலாம். முடியாது, அல்லது மாற்றினால் பெரிய நஷ்டம் என்றால் மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். ஓராண்டுக்குக் கட்டிப்போடும் வாடகை ஒப்பந்தம், தவணையில் வாங்கும் சாமான்கள், பழைய ஊரில் இருப்பதையெல்லாம் விற்றுத் தீர்ப்பது, மூன்றும் இந்த இரண்டாவது வகை. இனி அந்த ஊர்ப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கிளம்பத் தோன்றும். தோன்றட்டும், செய்ய வேண்டாம்.

முதலில் காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விவாகரத்துத் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல், வேலை நியமன உத்தரவு, காப்பீட்டுப் பத்திரம், மருத்துவக் குறிப்புகள். அசல் எல்லாம் தண்ணீர் புகாத ஒரே உறையில், உங்கள் கைப்பையில் வர வேண்டும். சாமான் வண்டியில் ஏறும் பெட்டிக்குள் போகவே கூடாது. வண்டி இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் மறுநாள் வேலையில் சேர அந்த உறைதான் வேண்டும். தீர்ப்பு நகலை மட்டும் மூன்றாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, காப்பீடு, அடையாள ஆவணம் என்று போகிற இடமெல்லாம் கேட்பார்கள். ஒன்றுக்காகத் திரும்ப அந்த நீதிமன்ற வாசலுக்கு அலைய வேண்டியிருக்காது.

அடுத்தது மொபைல் எண். வங்கி, மின்னஞ்சல், காப்பீடு எல்லாமே அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. புது எண் வாங்கினாலும் பழையதைக் குறைந்தது ஆறு மாதம் உயிரோடு வைத்திருங்கள். பழைய எண்ணுக்கு எந்தெந்த இடத்திலிருந்து செய்தி வருகிறது என்று குறித்துக்கொண்டே வந்து, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கைவிட்ட எண் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போகும். அப்போது உங்கள் ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.

பிறகு தங்குமிடம். படத்தைப் பார்த்து வீடு பேசி முன்பணம் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் விடுதியோ மாத அறையோ போதும். அந்த நாட்களில் வேலைக்குப் போகும் பாதையை ஒரு வேலைநாள் காலையில் நேரம் பார்த்துக் கடந்து பாருங்கள். விடுமுறை மதியம் 15 நிமிடத்தில் போன பாதை, வேலைநாள் காலையில் 50 நிமிடம் இழுக்கும். பிடித்த தெரு என்றால் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை அங்கே நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, நாய்கள் எப்படி என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

முகவரி மாற்றம் வீடு முடிவான பிறகு. வேலையிடம், வங்கி, அடையாள ஆவணம், காப்பீடு என்ற வரிசை சிரமமில்லாதது. வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். முகவரிச் சான்றாக அதைத்தான் நீட்டப் போகிறீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: வீடு பார்க்கப் போனால் தரகர் பத்து நிமிடத்தில் கிளப்பிவிடுகிறார். அதற்குள் எதைப் பார்ப்பது?

பதில்: இருபது நிமிடம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையில் போன் சார்ஜர், டார்ச், ஒரு காலி வாளி இருந்தால் போதும்.

தண்ணீரில் ஆரம்பியுங்கள். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறங்கள். தனித்தனியாகத் திறந்தால் எல்லா வீட்டிலும் நன்றாகத்தான் வரும். இரண்டையும் திறக்கும்போது ஒன்று சிறுநீர் போலச் சொட்டினால் குழாயில் அடைப்பு அல்லது தொட்டியின் உயரம் போதவில்லை. 10 லிட்டர் வாளி இரண்டு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். நிரம்பிய வாளியைக் குளியலறையின் தூர மூலையில் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடுகிறதா, நடுவில் குட்டையாக நிற்கிறதா, கதவைத் தாண்டி வெளியே வருகிறதா? தரையின் வாட்டம் தப்பாக இருந்தால் குடியிருக்கும்வரை தினமும் துடைப்பத்தோடு நிற்க வேண்டியதுதான். பெயர்த்துப் போடாமல் அதைச் சரிசெய்ய முடியாது.

பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை நாற்றம் அடித்தால் உடனே பயந்துவிட வேண்டாம். வடிகாலுக்குக் கீழே உள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் வாயுவைத் தடுக்கிறது. பல வாரம் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். எல்லா வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு மற்றதைப் பார்த்து வாருங்கள். பத்து நிமிடத்தில் நாற்றம் குறைந்தால் சரி. குறையாவிட்டால் குழாயில் கோளாறு.

அடுத்தது சுவர். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பூச்சு உப்பி, வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் மேலே ஏறுகிறது. கூரை மூலையில் பழுப்பு வளையம் இருந்தால் மேலிருந்து ஒழுகுகிறது. குளியலறைச் சுவரின் மறுபக்கம் எந்த அறை என்று பார்த்து, அந்தச் சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சந்தேகப்பட வேண்டிய இன்னொன்று: வீடு முழுக்கப் பழைய வண்ணம், ஒரே ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று புதிதாக. சுவர் அலமாரியைத் திறந்து முகர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தெரிந்துவிடும்.

சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் சொருகிப் பாருங்கள். மின்பெட்டியில் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் ஆளைக் காப்பாற்றுவது அதுதான். மேலே 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். அதில் ‘டெஸ்ட்’ அல்லது ‘டி’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அழுத்தினால் படக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சும்மா அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. குடிவந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

சிக்னல் கிடைக்கிறதா என்று தெரிய, படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு போன் பேசுங்கள். கிளம்பும்போது தரகரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டாரிடம் இரண்டு கேள்வி: தண்ணீர் எந்த மாதத்தில் தட்டுப்பாடாகும்? இதற்கு முன் இருந்தவர்கள் எத்தனை காலம் இருந்தார்கள்?

ஒப்பந்தத்தில் முன்பணம் எவ்வளவு என்பதோடு, காலி செய்தபின் எத்தனை நாளில் திரும்ப வரும், எதற்கெல்லாம் பிடித்துக்கொள்வார்கள், இரு தரப்பிலும் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்தப் பழுது யார் செலவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். முன்னறிவிப்புக் காலம் ஒரு மாதம் என்றால் நல்லது. அதற்காகச் சற்றுக் கூடுதல் வாடகை கேட்டாலும் முதல் ஆண்டுக்கு ஒத்துக்கொள்ளலாம். சாவி வாங்கும் நாளில், சாமான் இறக்குவதற்கு முன், வீட்டை ஒரு சுற்று வீடியோ எடுங்கள். மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்கள், உடைந்த ஓடு, கீறல் விழுந்த கதவு எல்லாம் அதில் வரட்டும். அன்றே வீட்டு உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் முன்பணத்துக்காக வாதாடப்போவது அந்த வீடியோதான்.

கேள்வி: வெறும் வீடு. முதலில் என்ன சாமான் வாங்குவது?

பதில்: மெத்தை, போர்வை, திரைச்சீலை, ஒரு வாளி, ஒரு பாத்திரம், ஒரு மேசை விளக்கு, பூட்டு. இவ்வளவுதான் முதல் வாரத்துக்கு. கட்டிலும் சோபாவும் இரண்டு மாதம் கழித்து. அதற்குள் அந்த வீட்டில் எங்கே உட்காருகிறீர்கள், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எந்த மூலையில் ஈரம் என்பது தெரிந்துவிடும். பெரிய சாமான் வாங்குமுன் வாசல், படிக்கட்டுத் திருப்பம் இரண்டின் அகலத்தையும் டேப்பால் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் அழகாக இருந்த சோபா படிக்கட்டில் மாட்டிக்கொண்டு நிற்பது எல்லா ஊரிலும் நடக்கிற கூத்து.

கேள்வி: முதல் முறையாக என் சம்பளம், என் செலவு. கையில் எவ்வளவு இருந்தால் கிளம்பலாம்?

பதில்: கைக்கு வரும் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் வாடகை 30 பங்கைத் தாண்டாமல் இருப்பது நிம்மதி. 40ஐத் தொட்டால் வேறு எதையாவது கடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியது: முன்பணம், ஒரு மாத வாடகை, மூன்று மாதச் சாப்பாடு மற்றும் போக்குவரத்து. முதல் சம்பளம் வர ஐம்பது நாள்கூட ஆகலாம். மாத நடுவில் சேர்ந்தால் பல இடங்களில் முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். சேருமுன் அந்தத் தேதியைக் கேட்டுவிடுங்கள்.

முதல் மாதச் செலவை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். மின் இணைப்பு வைப்புத்தொகை, வாளி, பூட்டு என்று ஒருமுறைச் செலவுகள் அதில் கலந்திருக்கும். இரண்டாவது, மூன்றாவது மாதக் கணக்கைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதே உங்கள் உண்மையான மாதச் செலவு. அதைப்போல மூன்று முதல் ஆறு மடங்கு அவசரச் சேமிப்பாகச் சேர வேண்டும்.

இன்னொரு சின்னத் தொகையைத் தனியாக ஒதுக்குங்கள்: திரும்பிப் போகும் பயணச் செலவும் ஒரு மாதச் செலவும். அதைத் தொடவே கூடாது. அது இருந்தால் மோசமான வேலையையோ மோசமான வீட்டையோ பயத்தினால் பொறுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

கேள்வி: வெந்நீர் ஹீட்டரைப் போட்டால் சில நாள் ஒன்றும் ஆவதில்லை, சில நாள் மொத்த வீடும் இருண்டுவிடுகிறது. எக்ஸ்டென்ஷன் போர்டின் பிளக்கும் பழுப்பாகிவிட்டது.

பதில்: முதலில் அந்தப் போர்டைக் குப்பையில் போடுங்கள். பழுப்பு என்றால் உள்ளே உருக ஆரம்பித்துவிட்டது.

கணக்கு எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட் மின்சாரத்தில் 2000 வாட் ஹீட்டர் இழுப்பது 8.7 ஆம்பியர். சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்குத்தான். அதாவது 1380 வாட் வரை. ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில் எல்லாம் 16 ஆம்பியர் பெரிய பாயிண்டில், போர்டு இல்லாமல் நேராகச் சொருக வேண்டியவை. 110–120 வோல்ட் உள்ள நாட்டுக்குப் போயிருந்தால் அதே வாட்டுக்கு ஆம்பியர் ஏறக்குறைய இருமடங்கு.

எது விழுகிறது என்று பாருங்கள். ஒற்றை எம்சிபி (ஒரு வரிசைக்கு மட்டுமான சிறு சுவிட்ச்) விழுந்தால் அந்த வரிசையில் சுமை அதிகம்; ஹீட்டரோடு வேறு எதுவோ சேர்ந்து ஓடும் நாளில் மட்டும் விழும். நீங்கள் சொல்வதுபோல மொத்த வீடும் இருண்டால் ஆர்சிசிபி விழுந்திருக்கலாம். அது மின்கசிவு. ஹீட்டரைக் கழற்றிவிட்டு சுவிட்சை மேலே தூக்கினால் நிற்கிறது, மாட்டினால் விழுகிறது என்றால் ஹீட்டரின் சூடாகும் கம்பிச்சுருளில் கோளாறு. அந்த நிலையில் அதில் குளிக்க வேண்டாம். அடிக்கடி விழுகிறதே என்று சுவிட்சைப் பெரிய ஆம்பியருக்கு மாற்றிக் கொடுக்கும் எலக்ட்ரீஷியனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சுவருக்குள் இருக்கும் ஒயர் பழைய தடிமன்தான். இனி சுவிட்ச் விழாது, ஒயர் எரியும்.

கேள்வி: காஸ் நாற்றம் அடிக்கிற மாதிரி இருக்கிறது. தனியாக இருப்பதால் பயம்.

பதில்: நாற்றம் பலமாக இருந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள். எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். இரண்டிலும் பொறி வரும். போனும் வெளியே போய்த்தான். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து கிடக்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, கதவும் திறக்க வேண்டும். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு லேசானது, கூரைப் பக்கம் சேரும்.

லேசான சந்தேகம்தான் என்றால் சோப்பு நுரையை ரெகுலேட்டர், டியூப் இணைப்புகளில் தடவுங்கள். குமிழ் விட்டால் அங்கேதான் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வீரம் வேண்டாம். குடிபோன வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ரப்பர் டியூபைப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும்.

சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் துளை அடைத்திருக்கிறது, காற்று சரியாகக் கலக்கவில்லை. அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நாற்றமே கிடையாது. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் காஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கும் வீட்டை எடுக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

கேள்வி: புது வீட்டில் முதல் இரவு கண்ணே மூடவில்லை. ஏதாவது கோளாறா?

பதில்: இல்லை. புது இடத்தில் மூளையின் இடது பாதி முழுதாக உறங்காமல் காவல் இருக்கிறது என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் கண்டறிந்தார்கள். சின்னச் சத்தத்துக்கும் அது விழித்துக்கொள்ளும். சில நாள் கழித்து அதே இடத்தில் இரண்டாம் முறை படுத்தபோது இந்த வித்தியாசம் இல்லை. பழைய தலையணை உறையைத் துவைக்காமல் கொண்டுபோங்கள், பழகிய வாசனை உதவும். புதிய வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய இரவு குடிபோகாமல், மூன்று நாள் முன்பே போய்விடுங்கள்.

கேள்வி: வாழ்க்கைத்துணையைப் பிரிந்து வந்துவிட்டேன். நான் எங்கே போனாலும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. போனை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. பெரும்பாலும் ஒற்று சொல்வது போன் கருவி அல்ல, அதில் உள்ள கணக்கு. அதே கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கைப் புது போனிலும் போட்டால் எல்லாம் தொடரும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். அவரிடமிருந்து அடிதடி, மிரட்டல் இருந்திருந்தால், இன்னும் அவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது இருப்பிடப் பகிர்வைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தியதே அவருக்கு எச்சரிக்கையாகிவிடும். பாதுகாப்பான இடம் போய்ச் சேர்ந்த பிறகு செய்யுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

அவர் தொட்டிராத ஒரு கருவியிலிருந்து புது மின்னஞ்சல் ஒன்று தொடங்குங்கள். பிறகு பழைய கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, உங்களுடையது தவிர மற்றதையெல்லாம் வெளியேற்றுங்கள். கடவுச்சொல்லோடு மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டையும் மாற்ற வேண்டும். மீட்பு எண் அவருடையதாக இருந்தால் புதுக் கடவுச்சொல்லையும் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் தெரியாத கணினி இருந்தால் நீக்குங்கள்.

அடுத்து, யோசிக்காத இடங்கள்: சேர்ந்து பார்க்கும் போட்டோ ஆல்பம், குடும்பச் சந்தா, பொருள் வரவழைக்கும் செயலியில் சேமித்த முகவரி, வாடகைக் கார் செயலியின் பயண வரலாறு, குழந்தையின் டேப்லெட், கூட்டு வங்கிக் கணக்கு. கடைசியில் சொன்னது முக்கியம். எந்த ஊர் ஏடிஎம்மில் எடுத்தீர்கள் என்று அந்த ஸ்டேட்மென்ட் சொல்லிவிடும். உங்கள் பெயரில் மட்டும் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கிச் சம்பளத்தை அங்கே திருப்புங்கள், நாமினியையும் மாற்றுங்கள். பை, வண்டி, குழந்தையின் பொம்மை ஆகியவற்றில் ஒட்டும், இருப்பிடம் காட்டும் சிறு புளூடூத் டேக் உண்டா என்றும் பாருங்கள். தெரியாத டேக் கூடவே வந்தால் எச்சரிக்கும் வசதி 2024 மே முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஒரே தரத்தில் இருக்கிறது. போனின் மென்பொருள் பழையதாக இருந்தால் புதுப்பித்துவிடுங்கள்.

கேள்வி: தனியாக இருக்கும்போது உடம்பு முடியாமல் போனால்?

பதில்: உடம்பு நன்றாக இருக்கும்போதே பக்கத்தில் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பழைய மருந்துச் சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் வேதிப்பெயரும் இருக்க வேண்டும். வேறு ஊரில், வேறு நாட்டில் அதே பிராண்ட் கிடைக்காது. தினசரி மருந்து உள்ளவர்கள் ஒரு மாதத்துக்கான கையிருப்போடு கிளம்புங்கள். போனின் பூட்டுத்திரையில் ரத்தவகை, ஒவ்வாமை, ஒரு தொடர்பு எண் தெரியும்படி வையுங்கள். உலகின் பெரும்பாலான இடங்களில் மொபைலிலிருந்து 112 அடித்தால் அந்த நாட்டு அவசர சேவைக்குப் போகும்.

வயிற்றுப்போக்குக்கு: 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரை மட்டமான தேக்கரண்டி உப்பு. மட்டமாக என்றால் கத்தியின் முதுகால் வழித்துவிட்டது. உப்பு கூடினால் கெடுதல். சிறுநீர் எட்டு மணி நேரம் வராவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனை.

தொண்டையில் உணவு சிக்கி மூச்சு நின்றால், தனியாக இருக்கிறவர் ஒரு நாற்காலி முதுகின் விளிம்பில் தொப்புளுக்குச் சற்று மேலே வயிற்றை வைத்து, வேகமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்து அழுத்த வேண்டும். ஒருமுறை வெறுமனே நின்று பார்த்து, உங்கள் வீட்டில் எந்த நாற்காலி உயரம் சரி என்று தெரிந்துகொள்ளுங்கள். அழுத்தி எல்லாம் பார்க்க வேண்டாம்.

ஒரு மாற்றுச் சாவியை வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைப்பது திருடனுக்கும் தெரிந்த இடம். குடிபோன அன்றே வாசல் பூட்டில் சாவி நுழையும் உருளையை (சிலிண்டர்) மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கதவைத் தொட வேண்டியதில்லை, ஒரு ஸ்குரூடிரைவர் வேலை. பழையதைப் பத்திரமாக வைத்திருந்து, காலி செய்யும்போது மாட்டிக் கொடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு ஒரு செய்தி என்று பழகுங்கள். வராவிட்டால் அவர் போன் செய்ய வேண்டும், எடுக்காவிட்டால் சாவி வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டும் என்பது வரை பேசி வைத்தால்தான் அது பயன்படும்.

கேள்வி: வயது 61. மனைவி போனபின் தனிக்குடித்தனம். ஒருவருக்குச் சமைத்தால் பாதி வீணாகிறது.

பதில்: வாரத்தில் மூன்று நாள் மட்டும் சமையுங்கள் ஐயா. இரண்டு நாளைக்கானதாகச் செய்து, சூடு தணிந்ததும் பாதியை ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி குளிர வெகுநேரம் ஆகும். அங்கேதான் கெட ஆரம்பிக்கும். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. பெட்டியின் உள்வெப்பம் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே. மூன்று நாளுக்குள் தின்று தீர்க்க வேண்டும், ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே ஒரு முறை. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடியால் மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

கேள்வி: வந்து ஐந்து வாரம். கடைக்காரரைத் தவிர யாரிடமும் பேசவில்லை. எனக்கு ஆட்களோடு பழகத் தெரியவில்லையோ?

பதில்: ஐந்து வாரம் ரொம்பக் குறைவு. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால், ஊர் மாறி ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களிடம் விசாரித்து 2018ல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகம் சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பர் என்று சொல்ல 90 மணி. நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். அதிலும் வேலையிடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணிகள் அவ்வளவாக எடுபடவில்லை. வாரத்துக்கு இரண்டு மணி என்றால் 50 மணிக்கு அரை வருடம். உங்கள் பழகும் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கடிகாரம் இன்னும் ஓடவில்லை.

எனவே வெவ்வேறு நிகழ்ச்சிகளுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட, ஒரே கூட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது மேல். வாரம் ஒருமுறை, அதே நேரம், அதே ஆட்கள் வரும் எதுவானாலும் சரி: நூலகம், நீச்சல், பாட்டு வகுப்பு, தன்னார்வ வேலை. எட்டு வாரம் விடாமல் போங்கள். முதல் மூன்று வாரம் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நான்காவது வாரம் நீங்கள் வரவில்லை என்றால் கேட்பார்கள்.

இடமும் வேலை செய்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) வளாகத்தின் வெஸ்ட்கேட் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பாக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் செய்த ஆய்வு 1950ல் வெளிவந்தது. அங்கே பலர் நண்பர் என்று சொன்னது அடுத்த கதவுக்காரரை. கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் கூடுதல். தினமும் எதிர்ப்பட்டதுதான் காரணம். நீங்களும் லிஃப்டைவிட்டுப் படிக்கட்டில் ஏறுங்கள். ஒரே கடை, ஒரே நேரம். பக்கத்து வீட்டாரிடம் சின்ன உதவி கேளுங்கள், ஏணி, ஸ்குரூடிரைவர், எதுவானாலும். திருப்பிக் கொடுக்க இரண்டாம் முறை கதவைத் தட்டலாம் அல்லவா?

கடைக்காரரையும் குறைத்து எண்ணாதீர்கள். வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறை அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970களிலேயே காட்டினார். காலியாகும் வீடும் அப்படித்தான் காதுக்கு வரும்.

கேள்வி: இரண்டு மாதமாகிறது. திரும்பிப் போய்விடலாமா என்று தினமும் தோன்றுகிறது.

பதில்: தினமும் எத்தனை மணிக்குத் தோன்றுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மாலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் மட்டும் என்றால் அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் வைத்தியம் வேண்டும். அலுவலகம் கிளம்பும்போது என்றால் வேலை. வீட்டுக் கதவைத் திறக்கும்போது என்றால் வீடு. வேலையை மாற்றிக்கொண்டு அதே ஊரில் இருக்கலாம். வீட்டை மாற்றிக்கொண்டு அதே வேலையில் இருக்கலாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்று தெரியாமலேயே போய்விடும்.

ஊரேதான் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் போவதில் அவமானம் எதுவும் இல்லை. தேதி ஒன்றை இப்போதே குறியுங்கள், இன்னும் ஆறு வாரம் தள்ளி. அன்றைக்கு என்ன இருந்தால் இருப்பேன், என்ன இல்லாவிட்டால் போவேன் என்று இரண்டே வரி எழுதி உறையில் போட்டு வையுங்கள். அதற்கு நடுவில் யார் கேட்டாலும் இன்னும் முடிவு செய்யவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். போவதென்று முடிவானால், முன்னறிவிப்பு ஒரு மாதம் என்றால் அதைக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணித்தான் வாடகை கட்ட வேண்டும். முன்னறிவிப்பை உரிமையாளரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். குடிவந்த அன்று எடுத்த அந்த வீடியோவையும் தேடி எடுத்து வையுங்கள்.